வீணைப் பலகைக்குக் கவசம் போடலாமா?

மும்பை முலுண்டிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "எங்கள் வீட்டில் இருப்பது என் மாமியார் வாசித்த தஞ்சாவூர் ஏகாண்ட வீணை. சில ஆண்டுகளாக என் மகள் அதில் கற்றுக்கொள்கிறாள். வலது மணிக்கட்டு படியும் ஓரத்தில் பாலிஷ் போய் மரம் கறுத்துவிட்டது. தந்திகளுக்குப் பக்கத்தில் பலகையில் வளைவு வளைவாகக் கீறல்கள். தந்திகளைத் தாங்கும் குதிரையின் காலைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. எங்கள் குடியிருப்பில் வேலை செய்யும் மரவேலைக்காரர், பலகை முழுவதையும் தேய்த்துப் புதுப் பாலிஷ் அடித்து, கிதாரில் இருப்பதுபோல மேலே ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டித் தருவதாகச் சொல்கிறார். அதன்பிறகு தேயவே தேயாதாம். செய்யலாமா?"

அம்மா, செய்ய வேண்டாம். தேய்ப்பதும் வேண்டாம், தகடு ஒட்டுவதும் வேண்டாம். அந்த மரவேலைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். சாப்பாட்டு மேசைக்கு அவர் சொல்லும் யோசனை சரி. வீணையின் பலகை மேசைப் பலகை அல்ல.

மிருதங்கத்தில் தோலுக்கு என்ன வேலையோ, வீணையில் இந்தப் பலகைக்கு அதே வேலை. தந்தி தனியாக அதிர்ந்தால் காதுக்கு எட்டுவது மிகக் கொஞ்சம். அந்த அதிர்வு குதிரை வழியாகப் பலகைக்குள் இறங்கி, பலகை காற்றை அசைத்து, பலகைக்கு அடியில் உள்ள குடம் அதற்கு உடம்பு கொடுக்கும்போதுதான் நாம் கேட்கும் நாதம் பிறக்கிறது. இதை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். மகளை அனுமந்தரத்தை, அதாவது மிகத் தாழ்ந்த ஒலி தரும் தந்தியை, ஒருமுறை நன்றாக மீட்டச் சொல்லுங்கள். குதிரைக்குப் பக்கத்தில் பலகையின்மேல் உங்கள் விரல் நுனியை மிக லேசாக வையுங்கள். விரலில் ஒரு நடுக்கம் தெரியும். இப்போது விரலைக் குடத்தின் விளிம்பு ஓரமாக நகர்த்தி மறுபடி மீட்டச் சொல்லுங்கள். அங்கே அது ஏறக்குறைய அடங்கியிருக்கும். பலகையின் ஓரம் குடத்தோடு ஒட்டிப் பிடித்திருப்பதால் அங்கு அசைவு குறைவு. குதிரையைச் சுற்றியும் நடுப்பகுதியிலும் அசைவு அதிகம். எங்கே எதை வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது என்பதற்கெல்லாம் இந்த ஒரு வேறுபாடுதான் அடிப்படை. நடுப்பகுதியில் ஒட்டும் தகடு எவ்வளவு மெலிதாக இருந்தாலும், அதன் எடையும் அதற்கடியில் இருக்கும் பசையும் சேர்ந்து அந்த நடுக்கத்தை விழுங்கும். வீணையில் கமகம் கேட்பதற்கு ஒரே மீட்டில் நாதம் நீண்டு நிற்க வேண்டும். முதலில் அடிபடுவது அந்த நீளம்தான்.

ஏகாண்டம் என்கிறீர்கள். குடம், தண்டி (வீணையின் நீண்ட கழுத்து), யாளி முகம் எல்லாம் ஒரே பலா மரத்தில் குடைந்தது என்று அதற்குப் பொருள். அப்படிப்பட்ட வீணையிலும் குடத்தின் வாயை மூடும் பலகை தனியாக இழைத்துப் பொருத்தியதுதான். அதை இழைத்தவர் தட்டிக் கேட்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று குறைத்து, ஓரிடத்தில் போதும் என்று நிறுத்தியிருக்கிறார். உப்புத்தாள் அந்த முடிவுக்குமேல் கைவைக்கிறது. போன மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. பழைய வீணையாக இருந்தால் ஓரத்து அலங்காரப் பட்டை தந்தமாகவோ மான்கொம்பாகவோ இருக்கலாம். அதில் ஊசியால் கீறி மை நிரப்பிய கொடிகளும் பூக்களும் இருக்கும். உப்புத்தாளை இரண்டு முறை இழுத்தால் அந்தக் கொடி போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. பலா மரம் புதிதாக இழைத்தபோது மஞ்சளாக இருக்கும். வெளிச்சமும் காலமும் பட்டுத்தான் தேன் நிறத்துக்கும் பழுப்புக்கும் வருகிறது. உங்கள் மாமியார் காலத்து நிறம் தேய்த்த இடத்தில் மட்டும் மஞ்சளாகத் திரும்பிவிடும். அதை மறைக்கச் சாயம் பூசுவார்கள். ஒன்றிலிருந்து ஒன்றாக வேலை வளர்ந்துகொண்டே போகும்.

கிதாரில் மட்டும் தகடு எப்படிச் சரியாக இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எஃகுத் தந்தி கிதாரைப் பிளாஸ்டிக் வில்லையால் மேலும் கீழும் வீசி வாசிக்கிறார்கள். வில்லை தந்தியைத் தாண்டி மரத்தில் உரசியே தீரும். அதனால் செய்பவரே அந்தத் தகடு இருக்கும் என்று கணக்குப் போட்டு, குதிரையிலிருந்து விலகி, வட்டத் துளையின் ஓரமாக அதை வைக்கிறார். ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ கிதாரில் கலைஞர்கள் தாளத்துக்காகப் பலகையையே விரலால் தட்டுவார்கள். அங்கும் தட்டும் இடத்தில் மெல்லிய தகடு உண்டு. பெரிய மீட்டுகோலால் அடித்து வாசிக்கும் ஜப்பானிய பீவா வாத்தியத்தில் அந்த அடி விழும் இடத்துக்குக் குறுக்கே ஒரு பட்டை இருக்கும். நாரா நகரத்தின் ஷோசோயின் கருவூலத்தில் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஐந்து தந்தி பீவா ஒன்று இருக்கிறது. அதன் காப்புப் பட்டை ஆமை ஓட்டில் செய்தது. ஒட்டகத்தின்மேல் அமர்ந்து பீவா வாசிக்கும் ஒருவரின் உருவம் சிப்பியில் பதித்திருக்கிறது. பாதுகாப்புக்கான பொருளையே இவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள் என்று அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

இவை எல்லாவற்றிலும் பொதுவானது, அடி விழும் என்று தெரிந்தே, வாத்தியம் பிறக்கும்போதே காப்பு வைத்திருக்கிறார்கள் என்பது. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கிதாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1969-இல் இருந்து அவர் வாசித்துவரும் மார்ட்டின் என்-20. அது நைலான் தந்தியை வெறும் விரலால் மீட்டுவதற்காகச் செய்த கிதார். அதனால் காப்புத் தகடு வைக்கவில்லை. அவர் அதை வில்லை கொண்டு வாசித்தார். பலகையில் ஒரு பெரிய ஓட்டையே விழுந்துவிட்டது. வாத்தியம் ஒரு கையை எதிர்பார்க்க, வேறொரு கை வந்தால் தேய்மானம் அப்படித்தான் வரும்.

வீணை எதிர்பார்ப்பது விரலை. தந்தியைத் தொட்டு இறங்கும் விரல், பலகையை அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. வீணை தனம்மாள் (1867–1938) விரலில் கம்பி மாட்டாமலே மீட்டியவர். இன்று பலரும் ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பி மாட்டிக்கொள்கிறார்கள். தவறில்லை, ஒலி தெளிவாகக் கேட்கிறது. ஆனால் கம்பியின் நுனி விரலைத் தாண்டி நீண்டிருந்தாலோ, முனை மழுங்காமல் இருந்தாலோ அது உரசும். ஆகவே பலகையில் ஒரு குறி இருந்தால் அதை மூடுவதற்குமுன், அதை எது போட்டது என்று பார்க்க வேண்டும். உங்கள் வீணையில் உள்ள மூன்று குறிகளும் மூன்று வேறு காரணங்களால் வந்தவை.

கீறல்களிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எளிது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தைப் பலகைக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கீறல்கள் குட்டையாக, நேராக, தந்திக்கு நேர்கீழே குவிந்திருந்தால் அது விரல் கம்பி. நீங்கள் எழுதியதுபோல வளைவு வளைவாக, இரண்டு மூன்று கோடுகள் சேர்ந்தாற்போல் ஒன்றையொன்று ஒட்டி ஓடினால் அது வளையல். என் பட்டறைக்கு வரும் வீணைகளில் பாதிக்குமேல் இந்த வளைவைப் பார்க்கிறேன். கல் வைத்த வளையல் இன்னும் மோசம். மகள் வாசிக்க உட்காரும்முன் வலது கையிலிருந்து வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைக்கட்டும். கைக்கடிகாரமும் அப்படியே. கச்சேரிக்குப் பட்டுப்புடவை கட்டினால் ஜரிகை முந்தானை பலகையின்மேல் விழாதபடி சொருகிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே விழுந்த கீறல்களை என்ன செய்வது என்றால், விட்டுவிடுங்கள். நகத்தைக் குறுக்கே இழுத்தால் சிக்காத கீறல், பாலிஷிலேயே நின்றுவிட்ட கீறல். ஒலிக்கு அதனால் ஒரு கேடும் இல்லை.

மணிக்கட்டு ஓரம் வேறு விஷயம். அங்கே வேலை செய்வது உரசல் மட்டுமல்ல, வியர்வை. மும்பையில் வாசிக்கிறவர்களுக்கு இது சென்னைக்காரர்களைப் போலவே பெரிய தொல்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்றில் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். அரை மணி நேரம் சரளி வரிசை வாசித்தால் மணிக்கட்டு நனைந்துவிடும். பழைய வீணையில் பெரும்பாலும் அரக்குப் பாலிஷ்தான் இருக்கும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுப் பொட்டலத்தால் மெல்லிய படலமாக ஏற்றுவது. பலகைக்கு இதைவிட நல்ல மேல்பூச்சு இல்லை என்பது என் துணிபு: மெலிது, எடையில்லை, தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி ஏற்றலாம், புதுப் படலம் பழைய படலத்தைச் சற்றே கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். அதன் பலவீனம், வியர்வையிலும் சோப்பிலும் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானிலும் அது கரையும். ஸ்பிரிட் பட்டால் சொல்லவே வேண்டாம். கைக்குச் சானிடைசர் போட்டுக்கொண்டு உடனே வீணையைத் தொட்டதால், பலகையின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை அச்சடித்தாற்போல் பதிந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ரேகையின் ஒவ்வொரு சுழியும் தெரிந்தது. சென்ட்டும் அப்படித்தான். மழைக்காலத்தில் கைகளில் தடவும் கொசுக் களிம்பில் டீட் என்ற பொருள் இருந்தால் அது பாலிஷையும் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, உலர்ந்தபிறகு வீணையைத் தொட வேண்டும் என்று மகளுக்குப் பழக்கிவிடுங்கள்.

எண்ணெயையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடது விரல்கள் வழுக்கி ஓடத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வது நம் வழக்கம். அந்தக் கிண்ணத்தைப் பலகையின்மேல் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கீழே வையுங்கள். பாலிஷ் போன மரத்தில் எண்ணெய் ஊறினால் அந்த இடம் கறுத்து நிற்கும், மேலே எந்தப் பாலிஷும் பிடிக்காது. உங்கள் வீணையில் மணிக்கட்டு ஓரம் கறுத்திருப்பது வியர்வையா, எண்ணெயா, இரண்டுமா என்பதைப் பொறுத்துத்தான் பழுதுபார்ப்பு எவ்வளவு எளிது என்பதைச் சொல்ல முடியும்.

இங்கேதான் காப்பு வைக்கலாம். ஒட்டாத காப்பு. நாள்பட்ட, நன்றாகத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டித் துணியில் ஒரு கையகலத் துண்டை எடுத்து நான்காக மடித்து, மணிக்கட்டு படியும் விளிம்பில் போட்டுக்கொண்டு வாசிக்கட்டும். அது விளிம்பில் மட்டும் இருக்க வேண்டும்; உள்ளே நடுப்பகுதிக்கு நீளக் கூடாது, பலகையில் உள்ள சிறு துளைகளை மூடக் கூடாது. துணி நகர்கிறது என்றால் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு பயன்படும். சொரசொரப்பான பக்கம் கீழே இருந்தால் வழுக்காது, ஆனால் சாயம் ஏற்றாத தோலாகப் பார்த்து வாங்குங்கள், வியர்வையில் சாயம் இறங்கும். இன்னும் எளிய வழி, மணிக்கட்டில் பருத்திப் பட்டை அணிந்துகொள்வது. எதுவானாலும் வாசித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். ஈரத்துணி பலகைமேல் கிடந்தால் அரக்குப் பாலிஷ் வெள்ளை பூத்துவிடும்.

இதோடு மகள் உட்காரும் விதத்தையும் ஒருமுறை கவனியுங்கள். குடம் தரையில் நன்றாக அமர்ந்து, தண்டியின் மறுமுனைக்கு அடியில் உள்ள சுரைக்காய் இடது தொடையில் நின்றால் வீணை தானாக நிற்கும். வலது கைக்கு மீட்டுவது மட்டும்தான் வேலை. குடம் வழுக்கினால் பிள்ளைகள் வலது மணிக்கட்டால் அதை அழுத்திப் பிடிப்பார்கள். உடம்பின் பாரம் முழுவதும் அந்த ஓரத்தில் இறங்கும். மும்பை வீடுகளில் வழவழப்பான தரை. ஒரு ஜமக்காளமோ பாயோ விரித்து அதன்மேல் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதியை அவளுடைய ஆசிரியர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

ஒட்டும் படலம் ஏன் கூடாது என்று ஒரு வார்த்தை. கிதாருக்கென்று விற்கும் ஒளி ஊடுருவும் படலங்களை வீணையில் ஒட்டிக்கொண்டு சிலர் வருகிறார்கள். பலவும் பி.வி.சி. அதை வளைய வைக்கச் சேர்த்திருக்கும் பொருள் மெல்ல மெல்லக் கசிந்து, அரக்கு, லாக்கர் போன்ற பூச்சுகளை இளக்கும். பசை ஓரங்களில் பிதுங்கி அழுக்கைப் பிடிக்கும். இடுக்கில் புகுந்த வியர்வை வெளியேற வழியில்லாமல் மரத்திலேயே நிற்கும். உரித்தெடுக்கும்போது பாலிஷும் கூடவே வரும். அடியில் வெளிச்சம் படாமல் இருந்த மரம் மட்டும் வெளிறி, படலத்தின் வடிவம் அப்படியே தெரியும். பாதுகாப்புக்காக ஒட்டியது, ஒட்டாமல் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய தேய்மானத்தைவிடப் பெரிய காயத்தை விட்டுப் போகும். கச்சேரியில் ஒட்டும் மைக்கும் இதே கதைதான். இரட்டைப் பசை நாடாவால் பலகையில் ஒட்டி, முடிந்ததும் வெடுக்கென்று பிடுங்குகிறார்கள். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் குதிரையின் மரப்பகுதியில் கவ்விப் பிடிக்கும் வகை நல்லது.

இப்போது மூன்றாவது, குதிரைக் காலைச் சுற்றிய கறுப்புக் கோடு. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். நீங்கள் அதைக் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வீணையின் குதிரையைப் பலகையில் ஒட்டுவதில்லை. நான்கு தந்திகளின் இழுவிசைதான் அதைக் கீழே அழுத்தி நிறுத்தியிருக்கிறது. அந்த அழுத்தம் இரவு பகலாக இரண்டு சிறிய கால்களின்மேல் இறங்குகிறது. கறுப்புக் கோடு வெறும் தூசியும் எண்ணெயும் சேர்ந்த அழுக்காக இருக்கலாம். அப்படியானால் கவலையில்லை. கால் மரத்துக்குள் பதிந்து இறங்கியிருக்கவும் கூடும். அல்லது காலருகிலிருந்து மரத்தின் ரேகையோடு ஒரு வெடிப்பு கிளம்பியிருக்கலாம். வெடிப்பாக இருந்தால் தந்தியை மீட்டும்போது ஏதோ ஒரு ஸ்வரத்தில் மட்டும் சிறு இரைச்சல் கேட்கும். மெழுகில் பதித்த மெட்டில்தான் கோளாறு என்று நினைத்து, மெட்டுகளைச் சுருதிக்கு அமைக்கும் மேளம் கட்டுகிறவரிடம் போவார்கள். அவர் மெழுகைச் சரிசெய்து அனுப்புவார். இரைச்சல் அப்படியே இருக்கும்.

நீங்கள் செய்யக்கூடிய சோதனை இது. ஒரு நேரான அளவுகோலைப் பலகையின் குறுக்கே, குதிரைக்கு முன்னால் செங்குத்தாக நிறுத்துங்கள். அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். நடுவில் பலகை குழிந்து இடைவெளி தெரிந்தால் அளவுகோல் இருக்கும் நிலையிலேயே ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொரு படம். இடைவெளி வளர்ந்திருந்தால் உடனே தந்திகளைத் தளர்த்திவிட்டு வீணை பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். நகத்தைக் கறுப்புக் கோட்டின்மேல் இழுத்து, அது சிக்குகிறதா என்றும் பாருங்கள். சிக்கினால் அது அழுக்கு அல்ல.

குதிரையைத் தந்தி முறுக்கோடு இருக்கும்போது ஒருபோதும் தள்ளி நகர்த்தாதீர்கள். சுருதி சரியில்லை என்று குதிரையைக் கட்டைவிரலால் நெம்புகிறவர்கள் உண்டு. ஒரு நெம்பலில் கால் மரத்தை உழுதுவிடும். எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றுவதும் கூடாது. குதிரை விழுந்து பலகையில் அடிபடும், பிறகு அது பழைய இடத்தில் உட்காராது. தந்தி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள். குதிரைக்கு அடியில் அட்டை, தோல், ரப்பர் எதையும் பாதுகாப்பு என்று செருக வேண்டாம். அதிர்வு பலகைக்குள் இறங்கும் வாசலே அதுதான். அங்கே மெத்தை போட்டால் வீணை ஊமையாகும்.

தினசரி கவனிப்பு அதிகமில்லை. வாசித்து முடித்ததும் உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் பலகையைத் துடைக்க வேண்டும். தந்திகளுக்குக் கீழே கை போகாது. நீளமாகக் கிழித்த துணி நாடாவை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுத்து, இரண்டு முனைகளையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் குதிரை வரைக்கும் சுத்தமாகிவிடும். மேசை நாற்காலிக்கு அடிக்கும் ஸ்பிரே பளபளப்பு வேண்டவே வேண்டாம். அவற்றில் சிலிக்கோன் இருக்கும்; அது மரத்தில் புகுந்துவிட்டால் நாளைக்கு யார் பாலிஷ் ஏற்றினாலும் படலம் மீன்கண் மீன்கண்ணாகத் திறந்துகொள்ளும்.

சரஸ்வதி பூஜை அன்று வீணைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பீர்கள். வையுங்கள், ஆனால் பலகையில் வேண்டாம். குழைத்த ஈரச் சந்தனம் மறுநாள் வரை பலகைமேல் இருந்தால் பாலிஷில் வெள்ளை வட்டம் விழும். குங்குமத்தின் சாயம் தேய்ந்த மரத்தில் இறங்கினால் போகாது. யாளி முகத்தின் நெற்றியில் ஒரு பொட்டு, அதுவும் உலர்ந்த குங்குமம், போதும். பூச்சரத்தைத் தண்டியில் சாற்றுங்கள். ஈரப் பூவைப் பலகைமேல் குவிக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் வீணையை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். முலுண்டில் அந்தச் சுவர்கள் ஓதம் காக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பிளாஸ்டிக் உறையும் கூடாது. பருத்தி உறை, அதற்குமேல் பெட்டி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். இரவு முழுவதும் ஏசி ஓடும் அறையில் வைத்துப் பகலில் ஜன்னலைத் திறந்துவிட்டால் மரம் நாள்தோறும் சுருங்கி விரியும்; வெடிப்பு அப்படித்தான் தொடங்குகிறது. ஒன்று எப்போதும் ஏசி, இல்லையென்றால் எப்போதும் இல்லை.

பழுதுபார்ப்புக்கு வருகிறேன். முதலில் உங்கள் வீணையில் இருப்பது அரக்குப் பாலிஷா, பிற்காலத்தில் யாராவது மெலமைன் என்ற செயற்கைப் பூச்சு அடித்தார்களா என்று தெரிய வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டு, பலகை ஓரத்தில் கண்ணுக்குப் படாத ஒரு புள்ளியில் வையுங்கள். அலங்காரப் பட்டைமேல் படக் கூடாது. சில விநாடிகளில் பிசுபிசுவென்று ஒட்டினால் அரக்கு. அரக்கு என்றால் வேலை எளிது: மணிக்கட்டு ஓரத்தை மட்டும் சுத்தம் செய்து, உலரவிட்டு, மெல்லிய படலங்களாக நாள் விட்டு நாள் ஏற்றினால் போதும். மற்ற இடத்தைத் தொடவே வேண்டாம். நிறம் கொஞ்சம் வேறுபடும். ஓர் ஆண்டில் பெரும்பாலும் கலந்துவிடும். மெலமைன் என்றால் பொட்டு வேலை அவ்வளவு நன்றாக ஒட்டாது. அப்போதும் பலகை முழுவதையும் உரிப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். தேய்ந்த ஓரத்தை மட்டும் மூடுவேன்.

யாரிடம் கொடுப்பது? பலகையும் பாலிஷும் மட்டும் என்றால் தஞ்சாவூர்வரை போக வேண்டியதில்லை. நம் மகாராஷ்டிர மாநிலத்திலேயே மிரஜ் இருக்கிறது. சிதார், தம்புராவுக்குப் பேர்போன ஊர். அவர்களுடைய வாத்தியங்களுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மெல்லிய பலகையை எப்படித் தொட வேண்டும் என்று அவர்கள் கைகளுக்குத் தெரியும். ஆனால் மெட்டை நகர்த்துவது, மெழுகைத் தொடுவது, மேளம் கட்டுவது எல்லாம் அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. அதை முதலிலேயே சொல்லி, மெழுகுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குதிரைக் காலில் உண்மையிலேயே வெடிப்பு இருந்தால் தஞ்சாவூர் வழி வேலை தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும். பலகையை மாற்றச் சொல்லி யாராவது உடனே ஆரம்பித்தால், இன்னொருவரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள். வெடிப்பை உள்ளிருந்து மரச்சில்லு வைத்து ஒட்டிப் பல ஆண்டு வாசிக்கலாம்.

பாலிஷ் வேலையை இந்த மழைக்காலத்தில் தொடங்க வேண்டாம். ஈரக்காற்றில் ஏற்றிய அரக்கு, நீரைச் சிறைப்பிடித்து வெள்ளையாகிவிடும். நவம்பர் வரட்டும். அதுவரை மகள் வேட்டித் துணியைப் போட்டுக்கொண்டு தாராளமாக வாசிக்கட்டும். தேய்ந்த ஓரத்தால் வாசிப்பை நிறுத்த வேண்டிய தேவை எதுவும் இல்லை. குதிரைக் காலின் படத்தை மட்டும் இப்போதே, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். நேரில் காட்ட விரும்பினால் மாட்டுங்காவில் உள்ள என் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். தந்திகளைக் கழற்றாமல் சற்றே தளர்த்தி, குதிரையின் இரு பக்கமும் மடித்த துணியை அண்டக் கொடுத்து, பலகை மேலே பார்க்கும்படி பெட்டியில் படுக்க வையுங்கள். லோக்கல் ரயிலில் வருவதாக இருந்தால் காலை பதினொன்றுக்குமேல் ஏறுங்கள். அதற்குமுன் அந்தக் கூட்டத்தில் வீணைப் பெட்டிக்கு இடம் கிடைக்காது.